ஆவடி என்னும் நம் ஊர்



மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள், "ஆவடிக்கு இப்பெயர் எப்படி வந்தது?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் என்று ஒரே குரலில் பதில் வந்தது. பெரியவர்களும் இப்படியே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பட்டது 1961-ல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1955 ஜனவரியில், தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை இவ்வூரில் கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலட்சியம் என்று நேரு முன்னிலையில் தீர்மானித்தது. நாடெங்கும் அதற்கு 'ஆவடி காங்கிரஸ்' என்றே பெயர். பிள்ளை பிறக்குமுன் தகப்பனுக்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டுவாருண்டோ?

பெயர் வழக்கு என் கவலையன்று. தொழிற்சாலையோடுதான் ஊர் பிறந்தது என்று நம்பிவிட்டால், அதற்கு முன் இங்கே உழுது விதைத்து வாழ்ந்தவர்கள் கணக்கிலேயே இல்லாமற் போகிறார்கள்.

சென்னைக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், தெற்கே கூவம் ஓட, சமதரையாய்க் கிடக்கும் பூமி இது. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கி, கரையோரம் குடியமர்ந்தார்கள் முன்னோர். பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், சேக்காடு, தண்டுரை, மிட்டனமல்லி, கோயில்பதாகை என்று நாம் பஸ் நிறுத்தங்களாக மட்டும் அறிந்த பெயர்கள் எல்லாம் அக்கிராமங்களே. பக்கத்துத் திருமுல்லைவாயிலோ சுந்தரரின் தேவாரம் பெற்ற ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. 1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டபோது, இந்த வயல்களின் ஊடேதான் புகை கக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது இராணுவக் கிடங்குகள் எழும்பின. பின்பு தொழிற்சாலைகள். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை தேடி மக்கள் திரண்டார்கள். நம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், பெற்றோரின் சொந்த ஊர் என்னும் கட்டத்தில் திருநெல்வேலியும் வேலூரும் திருச்சூரும் குண்டூரும் மாறி மாறி வருகின்றன. ஆவடி என்று எழுதப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. நானும் வெளியூரான்தான்!

வந்தவர்கள் பாடுபட்டு வாழ்ந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் வயல்கள் குடியிருப்புகளாயின, ஏரிகள் சுருங்கின. சாக்கடை கலந்து நாறிக் கிடந்த பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து, 2019-ல் கரையில் பூங்கா அமைத்தார்கள். மாலையில் அங்கே நடக்கிறோம். அந்த ஏரி ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அதே ஆண்டில் ஆவடி மாநகராட்சியும் ஆயிற்று. 2021-ல் தொழிற்சாலையை ஏற்ற புதிய அரசு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் 'கவச வாகன நிகம்' என்று பொருள்படப் பெயரிட்டு, தலைமையகத்தையும் இங்கேயே வைத்துவிட்டார்கள். முதலெழுத்துக் கதை இனி இன்னும் நன்றாகச் செழிக்கும்!

ஏரிப் பாசனத்தையும் மதகுகளையும் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இளைஞர் சபையார் இவ்வாண்டே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீடுகளுக்குச் செல்லட்டும். பழைய நிலப் பத்திரமோ புகைப்படமோ வைத்திருப்போர் ஞாயிறு பூசைக்குப்பின் பங்கு இல்லத்தில் காட்டினால், படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறேன்.