கம்பெனி கைமாறும்போது: பழவேற்காட்டுக் கரையில் வேலையும் வாக்கும்

2018 ஜூனில் காட்டுப்பள்ளித் துறைமுகம் கைமாறியது. எல் அண்ட் டி வசம் இருந்த மெரைன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டெவலப்பர் என்னும் நிறுவனத்தின் 97 விழுக்காட்டுப் பங்குகளை அதானி போர்ட்ஸ் 1,950 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மீதி 3 விழுக்காடு தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவிடமே இருந்தது. கப்பல் நிற்கும் தளம், பாரந்தூக்கி, சரக்கு முற்றம், உரிமம், கடன் என ஒவ்வொன்றுக்கும் இப்படிப்பட்ட விற்பனையில் ஒரு மதிப்பு உண்டு. துறைமுகத்துக்காக இடம் பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தாருக்கும், வடக்கே பழவேற்காட்டு ஊர்களுக்கும் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கு இவற்றில் எந்த வரியில் சேரும்? இந்தக் கரைக்கு இது புதிய கேள்வி இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கம்பெனியும் இதே கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர மன்னரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் காலூன்றியது 1610இல். 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. அதன் பிறகு 1690 வரை, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். கம்பெனிக்குச் சொந்தமாகத் தறி கிடையாது. பருவம் பார்த்து உள்ளூர்ப் பெருவணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும். அவர்கள் அதை உள்நாட்டு நெசவூர்களில் பிரித்துக் கொடுப்பார்கள். துணி சேர்ந்ததும் வெளுத்து, சாயமேற்றி, மடித்துக் கட்டி, கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு அனுப்பப்படும். அங்கிருந்து மசாலாத் தீவுகளுக்குப் போய் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் விலையாகும். மலையா, சின்னண்ண செட்டி போன்ற தரகு வணிகர்கள் இந்த ஏற்பாட்டில்தான் பெரும் செல்வர்களானார்கள். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டதால், மூட்டைகளை அலை கடத்திக் கொண்டுபோகப் படகோட்டிகள் தேவைப்பட்டனர். நெசவாளி, சாயக்காரர், தரகர், படகோட்டி ஆகிய எல்லாரும் இன்றைய தொழில்மொழியில் கம்பெனியின் பங்காளிகள். அவர்களில் எவரும் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லை.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. பழவேற்காடு மூடப்பட்டுவிடவில்லை, வணிகச்சாவடியும் காவல்படையும் நீடித்தன. ஆனால் முன்பணம் எவ்வளவு, எந்த ஊருக்கு என்ற முடிவுகள் அதன்பின் நாகப்பட்டினத்தில் எடுக்கப்பட்டன. சரிவுக்கு இந்த இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1687இல் கோல்கொண்டா வீழ்ந்ததையும், அதைத் தொடர்ந்த போர்களையும், தெற்கே 1639 முதல் வளர்ந்துவந்த சென்னைப்பட்டினத்தின் இழுப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் இடமாற்றத்தின் பாரம் எங்கே விழுந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆளுநர் தன் அலுவலகத்தை மாற்றிக்கொண்டார். ஊரையும் வீட்டையும் விட்டு முன்பணம் போன திசையில் போக வேண்டிய கட்டாயம் பங்காளிகளுக்குத்தான்.

பிறகு வந்த கைமாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1785இல் திருப்பிக் கொடுத்தனர். 1795இல் மறுபடி பிடித்தனர். 1818இல் மறுபடி கொடுத்தனர். இதற்கிடையில் 1799 இறுதியில் டச்சுக் கம்பெனியே கலைந்துபோனது. 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையில், இந்திய நிலப்பரப்பில் இருந்த டச்சு நிலைகள் எல்லாம், அவற்றின் பெயரால் அனுபவித்த சலுகைகள் சேர்த்து, விட்டுக்கொடுக்கப்பட்டன. சுமத்ராவின் பென்கூலனை ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்ததும் இதே தாளில்தான். 1825இல் பழவேற்காடு நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுக்குச் சென்னை இருந்தது. இங்கே இன்னொரு துறை தேவைப்படவில்லை.

இத்தனை கைமாற்றங்களிலும் மீனவர் மட்டும் அப்படியே நின்றார்கள். அதற்குக் காரணம் பாடு முறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய தலைக்கட்டு ஊர்கள் பழவேற்காடு ஏரியின் இறால் பாடுகளை, அதாவது வலை கட்டும் இடங்களை, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த ஊர், எந்த நாளில், எந்தப் பாட்டில் சுத்துவலை கட்டலாம் என்பதெல்லாம் ஊர்க் கூட்டத்தின் முடிவு. இதற்குள் வர முடியாத சாதிகளும் ஊர்களும் உண்டு என்பது இந்த முறையின் தீராத குறை. ஆனாலும் பாட்டில் இடம் பெற்றவருக்கு, ஊர் நினைவு வைத்துக் காக்கும் உரிமை இருக்கிறது. முன்பணம் நின்றதும் தரகர் பெயர்ந்தார். பாடு எந்தக் கம்பெனியும் தந்ததில்லை; ஆகவே எந்தக் கம்பெனி போனதும் அது போகவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த நிலை மாறியது. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானது. தீவில் வாழ்ந்தவர்கள் வெளியேறினர். தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. கரை தனக்கென்று இருந்த இடத்தை இழக்க இழக்க, இழப்புக்கு ஈடாக வேலை என்ற பேச்சு ஊர்களில் நுழைந்தது.

காட்டுப்பள்ளியில் அந்தப் பேச்சு உச்சத்தை அடைந்தது. எல் அண்ட் டியும் டிட்கோவும் சேர்ந்து கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் தொடங்கின. குப்பம் இடம் பெயர்ந்தது. வேலை வந்தவர்களுக்கும் அது பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலையாகவே வந்தது. கண்டெய்னர் முனையத்தை நடத்த பிலிப்பைன்ஸின் ஐசிடிஎஸ்ஐ நிறுவனத்தோடு நீண்டகால உடன்படிக்கை போடப்பட்டது. 2013 தொடக்கத்தில் முனையம் இயங்கியது. 2015 நவம்பரில் அந்த உடன்படிக்கை முறிந்து, இயக்கும் பொறுப்பு அதானிக்குப் போனது. 2018இல் உரிமையும் போனது. துறைமுகப் பகுதி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டே விற்கப்பட்டது. கப்பல் தளம் எல் அண்ட் டியிடமே தங்கியது. ஒரே வேலிக்குள் இருந்த ஒரு முதலாளி இரண்டானார். முன்பு சொன்ன வாக்கை எந்த வாயிலில் போய்க் கேட்பது என்பதே ஊருக்குப் புதுச் சிக்கலானது.

சட்டம் இங்கே என்ன செய்தது என்று பார்ப்பது அவசியம். அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு, நிறுவனம் கைமாறும்போது ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் தரச் சொன்னது. புதிய முதலாளி பணித்தொடர்ச்சியோடு, நிபந்தனை குறையாமல் ஏற்றுக்கொண்டால் இழப்பீடு இல்லை. வாங்கியவரிடம் வேலையே கேட்கலாமா என்றால், முடியாது என்று அனகாபள்ளி கூட்டுறவுச் சங்க வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் குறைந்த பாதுகாப்பும் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார்கள் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆக, காண்ட்ராக்டில் இருக்கும் மீனவரை நீக்குவதற்கு ஆணை எதுவும் வேண்டாம். காண்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். ஆள்குறைப்புக் கணக்கில் அவர் ஏறவே மாட்டார். பணிப் பாதுகாப்பைப் பற்றிய நம் ஆய்வுகள் இந்த மனிதரைத் தவறவிடுவது எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

2023 நவம்பரில் விஎம்வேர் மென்பொருள் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெருந்தொகையான ஊழியர்கள் வேலை இழந்தனர். பழைய பங்காளித் திட்டம் முடிக்கப்பட்டு, தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே புதிய அழைப்பு போனது. ஐரோப்பிய மேகக்கணிமை நிறுவனங்களின் சங்கம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. அவர்களின் இழப்பும் உண்மையான இழப்புதான். ஆனால் அவர்கள் கையில் ஒப்பந்தத் தாள் இருந்தது; முறையிட ஓர் ஆணையம் இருந்தது. காட்டுப்பள்ளியின் பங்காளிகளுக்குச் சாட்சி ஊர்க் கூட்டத்தின் நினைவு மட்டுமே. அந்த நினைவை வைத்துத்தான் நிரந்தர வேலை கேட்டுப் போராடி வந்திருக்கிறார்கள்.

துறைமுகத்தின் விரிவாக்கத் திட்டம் இந்தச் சிக்கலை இன்னும் கடுமையாக்குகிறது. 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,110 ஏக்கராகவும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்குத் திறனை 320 மில்லியன் டன்னாகவும் பெருக்குவது முன்மொழிவு. அதில் கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலமே ஏறத்தாழ 2,000 ஏக்கர். கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கட்டுமானம் வந்தால் வடக்குப் பக்கம் கரை அரிக்கும். அந்த வடக்கில்தான் ஏரியையும் கடலையும் பிரிக்கும் மெல்லிய மணல்திட்டு இருக்கிறது. டச்சுக்காரரின் இடமாற்றம் தொடாத பாட்டை இது தொடும். 2021 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் குறிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன.

வாக்குக்குப் பொறுப்பாளி யாருமே மிஞ்சவில்லை என்று ஊர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை என்பது என் கருத்து. தொடங்கியவர் விற்றார்; இயக்கியவர் போனார்; வாங்கியவர் புதியவர். தொடக்கம் முதல் 2018 விற்பனையையும் தாண்டித் தொடர்ந்தவர் ஒருவர் உண்டு: 3 விழுக்காட்டோடு நின்ற டிட்கோ. அது தமிழ்நாடு அரசின் நிறுவனம். குப்பம் பெயர்ந்தபோது திட்டத்தில் பங்காளியாக இருந்ததும் அதுதான். வேலை வாக்கை எழுத்தாக்கி, பயனாளிகள் பட்டியலோடு துறைமுக உடன்படிக்கையில் சேர்க்கக் கேட்பதற்கு உரிய இடம் அந்தக் கழகத்தின் அலுவலகம்; விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்பு மீண்டும் அறிவிக்கப்படும் முன்பே அதைக் கேட்க வேண்டும்.