பீப்பாய்க்குத் திரும்பிய ‘கேஜ்’

மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று தண்டவாளத்தோடு சேர்ந்தே நம் காதுக்குப் பழகிய சொல் ‘கேஜ்’. பட்டறைக்காரருக்கு அது கம்பியின் பருமன். கம்ப்ரசர் வைத்திருப்பவருக்கு முள் ஆடும் வட்டத் தகடு. ஆனால் அந்தச் சொல் பிறந்தது ரயிலடியிலும் அல்ல, பட்டறையிலும் அல்ல. மது நிரப்பிய மரப்பீப்பாயின் வாயில் பிறந்தது.

பழைய வடபிரெஞ்சு வழக்கில் அது பீப்பாய்க்குள் விட்டு அளக்கும் கோலின் பெயர். நார்மானியர் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கும் அடியில் கழி என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் ஒன்று இருப்பதாகச் சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். தூக்குமரத்தைக் குறிக்கும் ‘கேலோஸ்’ அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். தமிழில் நிலத்தை அளப்பதும் கோல், எடையை நிறுப்பதும் துலாக்கோல். ‘கேஜ்’ என்ற சொல்லும் நீளத்திலிருந்து எடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

கோல் பிடித்தவரை ஆங்கிலத்தில் ‘கேஜர்’ என்றார்கள். கலால் அதிகாரிதான் அவர். பீப்பாயைத் திறந்து கொட்டிப் பார்க்காமலே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணித்து வரி எழுதுவது அவர் வேலை. ஸ்காட்லாந்தின் பெருங்கவி ராபர்ட் பர்ன்ஸ் 1789 முதல் அந்த உத்தியோகம் பார்த்தார். கேஜர்கள் கைக்கொண்ட இன்னொரு சொல் ‘அல்லேஜ்’. பீப்பாயில் மது இறங்கியபின் மேலே மிஞ்சும் வெற்றிடத்தின் பெயர். கண் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது, ஏனெனில் பீப்பாயின் துளையைக் கண் என்றே அழைத்தார்கள். (நம்முடைய ‘பீப்பாய்’ போர்த்துகீசியரின் ‘பிப்பா’. அதுவும் கடல்வழி வந்து தங்கியதே.)

கோலளவை சரியானதுதானா என்று மெனக்கெட்டுக் கேட்டவர் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர். 1613இல், தம் இரண்டாம் திருமணத்தையொட்டி, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் திராட்சை மது வாங்கினார். வணிகர் கிடத்திய பீப்பாயின் நடுத்துளைக்குள் கோலைச் சாய்வாகச் செலுத்தி, அடிமூலையைத் தொட்டதும் உருவி, அந்த நீளத்தை வைத்தே விலை சொன்னார். ஒடுங்கி நீண்ட பீப்பாயும் அகன்று குட்டையான பீப்பாயும் ஒரே சாய்நீளம் காட்டலாமே, இரண்டும் ஒரே அளவா கொள்ளும்? அந்தக் கேள்வி 1615இல் மதுப்பீப்பாய்களின் கனஅளவு பற்றிய நூலாக வந்தது. ஆஸ்திரியப் பீப்பாயின் வடிவம் அந்தச் சாய்நீளத்துக்கு மிக அதிகமாகக் கொள்ளும் வடிவத்தை ஒட்டியிருந்தது. உச்சத்துக்கு அருகில் வடிவம் சற்று மாறினாலும் கொள்ளளவு அதிகம் மாறாது என்று கெப்ளர் கண்டார். பின்னாளில் நுண்கணிதம் என்று வளர்ந்த எண்ணத்தின் முளைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. வணிகரின் கோல் அந்த ஊர்ப் பீப்பாய்க்குப் பொருத்தமானதுதான்.

பிறகு கோலைக் குறித்த சொல் எல்லா அளவுகோலுக்கும் பொதுவானது. ரயில்பாதையின் அகலமும் மழைமானியும் அதற்குள் வந்தன. பிரான்சில் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அழுத்தமானிக்கும் அதுவே பெயர்.

அந்தச் சொல் மதுக்கலத்துக்குத் திரும்பிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சும் பியருக்குக் கூட்டரசு வரி கிடையாது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை அனுமதி. கேஜர் அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டிய தேவை தீர்ந்தது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற கவலை இனிக் காய்ச்சுபவருக்கே. அவர்கள் கையில் கிடைத்தது ‘கார்னி கெக்’: குளிர்பானப் பாகுக்காகச் செய்த, 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் துருவேறா எஃகு உருளை. குளிர்பானக் கம்பெனிகள் பாகைப் பெட்டிக்குள் வைத்த பையில் அடைக்கத் தொடங்கியதும் இவை பழைய சாமான் விலைக்கு வந்தன.

இந்தக் கலத்துக்குக் கண் கிடையாது. மூடியைத் திறந்தால் கரியமில வாயுவின் அழுத்தம் போய்விடும். கோல் விட வழியில்லை. அந்த அழுத்தத்தைத் தரும் தனி வாயு உருளையில் பூர்தோன் மானி இருக்கிறது, ஆனால் அது பியரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தன் உருளையைப் பற்றிக்கூட உண்மை சொல்லாது: உள்ளே திரவக் கரியமில வாயு ஒரு துளி இருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், முள் அசையாமல் நின்று கடைசியில் சரியும். ஆகவே நிறுப்பதே வழி.

நிறுக்கும் தராசின் உயிர் ‘ஸ்ட்ரெயின் கேஜ்’. இழுபட்ட கம்பியின் மின்தடை மாறும் என்று 1856இல் இயற்பியலாளர் கெல்வின் காட்டியிருந்தார். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே மெல்லிய கம்பியைப் பரப்பில் ஒட்டி அதை அளவுகருவியாக்கினார்கள். ரூஜ் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது, நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி படும் பாட்டை. இந்தக் கருவியின் கதையில் கலம் மீண்டும் மீண்டும் வருவது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது.

இந்தத் தராசை வீட்டில் செய்பவர்கள் கெக் நிற்கும் பலகைக்கடியில் குளியலறைத் தராசின் நான்கு ‘லோட் செல்’களை, அதாவது ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய எடையுணரிகளை, மூலைக்கொன்றாக வைத்து, மின்தடையின் சிறு மாற்றத்தைக் காட்டும் வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்றாக இணைக்கிறார்கள். முழு எடை ஏறினாலும் வருவது சில மில்லிவோல்ட்தான். எச்.எக்ஸ்.711 என்ற சில்லு அதைப் பெருக்கி எண்ணாக்கி ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்குத் தரும். வெறும் கெக் ஏறக்குறைய 4 கிலோ. அதைக் கழிக்கும் கட்டளையின் பெயர் ‘டேர்’, எறிந்துவிடுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. மிச்ச எடையை 1.01ஆல் வகுத்தால் லிட்டர். பியர் தீரத் தீர உள்ளே நிரம்பும் வாயுவுக்கும் எடை உண்டு என்றாலும், முழுக் கெக்கிலும் அது சுமார் 70 கிராம். ஒரு குவளையில் கால்பங்குகூட இல்லை.

தொல்லை தருவது வேறொன்று. கேஜர் வந்தார், கோலை விட்டார், எடுத்துக்கொண்டு போனார். குளியலறைத் தராசின் செல்லும் ஒருவர் சில நொடி ஏறி இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது. வாரக்கணக்கில் 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு நின்றால் உலோகமும் பசையும் மெல்ல இளகி, யாரும் குடிக்காமலே எண் நகரும். குளிர்பெட்டி ஓடி நிற்கும்போது வெப்பநிலையும் அதை ஆட்டும். அதனால் கவனமாகச் செய்பவர்கள் வெப்பமானி ஒன்றையும் அருகில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கெக் மாற்றும்போதும் பலகையை வெறுமையாக்கி, புதிதாகச் சுழி வைத்த பிறகே அடுத்ததை ஏற்றுகிறார்கள்.