கோளாறு குழந்தையிடமா, உறவிலா?

மூன்று வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது, கையில் கிடைத்ததை வீசுகிறது. வயதுக்கேற்ற அடமா, கோளாறா? இதைத் தீர்மானிக்க மருத்துவர்களிடம் இரண்டு கையேடுகள் உண்டு. ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5. அது எல்லா வயதினருக்கும் பொதுவானது. மற்றது, பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களுக்கென்றே ‘ஜீரோ டு த்ரீ’ என்ற அமெரிக்க அமைப்பு 2016இல் கொண்டுவந்த டிசி:0-5.

டிஎஸ்எம்-5 சின்னஞ்சிறுவர்களை மறந்துவிட்டது என்று குறைசொல்ல முடியாது. எதிர்ப்பு மனப்போக்குக் கோளாறு என்று சொல்ல, ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஆறு மாத காலம் பெரும்பாலான நாட்களில் அந்த நடத்தை தெரிய வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் ஒரு முறையே போதும். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறிலும் ஆறு வயது வரை தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பட்டதைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை விளையாட்டில் மறுபடி மறுபடி நடித்துக்காட்டலாம் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது.

டிசி:0-5 வயதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறை மூன்று வயதுக்கு முன் அது சூட்டுவதில்லை. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் மிகைத் துறுதுறுப்புக்கு வேறொரு வகை வைத்திருக்கிறது.

உண்மையான பிரிவு இனிமேல்தான். அப்பாவிடம் மட்டும் முரண்டுபிடித்து அடிக்கிற குழந்தை பாட்டியிடமும் பால்வாடியிலும் சாதுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎஸ்எம்-5 வழியே போனால், ‘லேசான’ எதிர்ப்புக் கோளாறு என்ற பெயர் அந்தக் குழந்தையின் மேல் விழக்கூடும். பெற்றோர்–பிள்ளை உறவுச் சிக்கல் என்று குறித்துவைக்க அதில் இடம் உண்டு. ஆனால் அதை அது கோளாறாக எண்ணுவதில்லை. டிசி:0-5இலோ ஓர் உறவுக்குள் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றே ஒரு வகை இருக்கிறது. குழந்தையை மதிப்பிட அது வகுத்த ஐந்து ‘அச்சு’களில், அதாவது கோணங்களில், இரண்டாவது, வளர்ப்பவருக்கும் குழந்தைக்குமான பிணைப்பை ஆராய்வதற்கே ஒதுக்கப்பட்டது. பல அச்சு முறையை டிஎஸ்எம் 2013இல் கைவிட்டது. பள்ளி செல்லாத வயதினரைப் பொறுத்தவரை அது இழப்பு என்றே சொல்வேன். அந்த வயதில் வளர்ப்பவர்தான் குழந்தையின் உலகம்.

கோப்புக்கும் காப்பீட்டுக்கும் பொதுக் கையேட்டின் குறியீடு தேவைப்படலாம், அதை எழுதிக்கொள்ளட்டும். சிகிச்சையைத் தீர்மானிக்க டிசி:0-5 மேலானது. உங்கள் குழந்தைக்கு ஒரு கோளாற்றின் பெயர் சொல்லப்பட்டால், ஏற்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: இவன் யாரிடம் இப்படி நடக்கிறான், யாரிடம் நடப்பதில்லை என்று பார்த்தீர்களா?