நார்ச்சத்தும் நீரிழிவும்

தாவர உணவில் உள்ள, நம் குடல் நொதிகளால் செரிக்க இயலாத கார்போஹைட்ரேட்டுகளே பெரும்பாலும் நார்ச்சத்து எனப்படுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் கைகொடுப்பது நீரில் கரையும் வகை. வெந்தயம், ஓட்ஸ், இசப்கோல் ஆகியவற்றில் இது மிகுதி. வயிற்றில் நீரை உறிஞ்சிக் கூழாகி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மெல்ல மெல்லவே இரத்தத்தில் சேரும். உண்டபின் சர்க்கரை சட்டென எகிறாததற்கு இதுவே காரணம். தவிட்டில் உள்ள கரையாத நார் முக்கியமாக மலச்சிக்கலைத் தவிர்க்கிறது.

உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஹியூ ட்ரோவெல், நார் நீக்கிய உணவுக்கும் நீரிழிவுக்கும் தொடர்புண்டு என 1970களில் வாதிட்டார். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 13 பேர் ஆறு வாரம் நாளுக்கு 24 கிராம் நாரும், மற்றோர் ஆறு வாரம் 50 கிராமும் உண்டனர். கூடுதல் நார் உண்டபோது நாள் முழுதுமான இரத்தச் சர்க்கரை அளவு 10 விழுக்காடு குறைந்திருந்தது. மாத்திரையோ பொடியோ தரப்படவில்லை. காய், கனி, தானியங்களே போதுமாயின. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருவது.

பொதுப் பரிந்துரை 1000 கலோரிக்கு 14 கிராம். பட்டை தீட்டிய அரிசியை நம்பியிருப்போர் பயறு, கீரை, சிறுதானியங்களைச் சேர்த்தாலொழிய இதை எட்டுவது கடினம். வயிற்று உப்புசம் வராதிருக்க, போதிய தண்ணீருடன் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இன்சுலின் போடுவோர் மருத்துவரிடம் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.