32-ஆ, 35-ஆ? ஒரு டயரின் கதை

போன மாதம் என் அண்ணன் ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்கினார். நாங்கள் இருக்கும் பெர்த்தில் இதை யூட் என்போம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது பிக்கப். முன்பு வைத்திருந்தவர் வண்டியை 2 அங்குலம் உயர்த்தியிருந்தார். டயர்கள் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. "32 அங்குலம் போடலாமா, 35 போடலாமா?" என்று அண்ணன் கேட்டார். எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. படிக்க உட்கார்ந்தேன். படித்துக்கொண்டே போனால், பாட்டி பிறந்த தோட்டத்தில் போய் நின்றேன்!

முதலில் டயரின் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். 265/70 ஆர் 17. டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ரிம் 17 அங்குலம். எல்லாம் சேர்த்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 32 அங்குலம். 'ஆர்' என்பது ரேடியல். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற முறை.

காற்றடைத்த டயர் அதைவிடப் பழையது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்தார். பிறகு கார்கள் வந்தன. உலகமே ரப்பர் கேட்டது.

அதற்கு முன்பே, 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி அங்கே கண்டறிந்தார். மலாயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அங்கே வேலை செய்ய, கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் கப்பலேறினார்கள்.

என் கொள்ளுத்தாத்தாவும் அப்படி வந்தவர்தான். விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு பால்மரம் வெட்டுவது, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமப்பது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையும் இல்லை. அப்போதுதான் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கொள்ளுத்தாத்தா திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அப்போது மூன்று வயது.

அதே போர் அமெரிக்காவை வேறு விதமாக மாற்றியது. ஆசிய ரப்பர் நின்றுபோனதால், அங்கே அரசே செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் போர்க்களத்தில் பேர் வாங்கியது. அந்த ஆசை போருக்குப் பிறகும் விடவில்லை. 1970களில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் 1974 ஃபோர்டு பிக்கப்பை உயர்த்தி, பெரிய பெரிய டயர்களாக மாற்றிக்கொண்டே போனார். 'பிக்ஃபுட்' என்ற பூத வண்டி அப்படித்தான் பிறந்தது.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். வண்டியோடு வந்த டயர் ஏறக்குறைய 30.5 அங்குலம். 35 போட்டால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 115இல் போகும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். பிரேக்குக்கும் கியருக்கும் பாரம் கூடும். சட்டமும் இடம் தராமல் போகலாம். ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் பேரிங்கும் சீக்கிரம் தேயும். மணலில் ஓட்ட பூத டயர் தேவையில்லை. பக்கச் சுவர் உயரமாக இருந்து, காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், டயர் நீளமாகப் படிந்து மணலில் புதையாமல் போகும். திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றடிக்க வேண்டும்.

32 வாங்கினோம். ரிம் பழைய 17தான்.

வீட்டு வாசலில் பாட்டி குனிந்து புது டயரைத் தடவிப் பார்த்தார். "இதுல பால் இருக்காய்யா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"இருக்கு பாட்டி. செயற்கை ரப்பரும் இருக்கு, மரத்துப் பாலும் இருக்கு."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாத்து ஓட்டு" என்றார்.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் திரும்பி வரவில்லை என்று எழுதி வையுங்கள்.