விடுகதைக்குள் ஒரு வரலாறு

ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் சில குறிப்புகளைக் கொடுத்து, அவற்றை இணைக்கும் விடை எது என்று கேட்பது புதிர்ப்போட்டி. பள்ளிகளில் நடக்கும் வினாடி வினாவைப் பார்த்து, இது புதிதாக வந்த விளையாட்டு என்று எண்ணுவோர் உண்டு. லெம்பா பெர்த்தாம் லயங்களில் பாட்டிமார் போடும் விடுகதையும் இதே கலைதான். அதன் வயதோ மிகப் பெரிது.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் இலக்கணம் தொல்காப்பியம். அது பாட்டு, உரை, முதுசொல் முதலிய ஏழு வகைகளுள் 'பிசி' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பிசி என்பது விடுகதையே. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் காட்டும் புதிர் ஒன்றில், வாயில் பிறைநிலாவைப் பிடித்தபடி ஒரு மலை நடந்து போகிறது. மலை நடக்குமா? பிறை என்பது தந்தம் என்று தெரிந்ததும் மலை யானையாகிவிடுகிறது. இதை அவிழ்க்க ஏட்டறிவு வேண்டாம். யானையைப் பார்த்திருந்தால் போதும்.

பார்த்தும் பழகியும் இராவிட்டால் என்ன ஆகும்? ஒளவையார் பாடியதாக வழங்கும் ஒரு பாட்டில் 'எட்டேகால்' என்று ஒரு வசை வருகிறது. இன்று கேட்பவர்களுக்கு அது வெறும் கணக்கு. பழைய தமிழ்க் கணக்கில் எட்டுக்கு 'அ' என்றும், காலுக்கு 'வ' என்றும் எழுதினார்கள். இரண்டையும் சேர்த்தால் 'அவ'. அதனுடன் லட்சணத்தைச் சேர்த்தால் வசை விளங்கிவிடும்! அந்த எண்களை நாம் மறந்தோம். பூட்டு இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது.

இந்த ஆபத்து நமக்கும் உண்டு. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைநாட்டுக்கு வந்தார். 1929-இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்து தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர், விடுகதைகளையும் நாவிலேயே சுமந்து வந்தார்கள். ஏற்றம், செக்கு, உரல், உலக்கை இவையே பல புதிர்களுக்கு விடை. குளிர் மலையில் பிறந்த குழந்தை ஏற்றத்தை எங்கே கண்டது? விடையைச் சொன்னாலும் அதற்கு விளங்காது. ஒரு விடுகதை மறையும்போது, அதற்குள் இருந்த தொழிலும் கருவியும் வாழ்க்கையும் சேர்ந்தே மறைகின்றன.

ஆகவே நாம் இரண்டு காரியங்கள் செய்யலாம். முதலாவது, பெரியவர்களிடம் கேட்டு, விடுகதையையும் விடையையும், அந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது. இரண்டாவது, நம் மலையை வைத்துப் புதிய புதிர் கட்டுவது. மலாய் மக்கள் தங்கள் பந்துன் பாட்டிலேயே 'தெக்கா-தெக்கி' என்று புதிர் போடுகிறார்கள். நம்மால் முடியாதா? இதோ ஒன்று:

கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். செடியிலே பச்சை, மூட்டையிலே கறுப்பு, கோப்பையிலே சிவப்பு. அது என்ன?

இதற்கு விடையை நாம் சொல்லத்தான் வேண்டுமா? ஆனால் நூறாண்டு கழித்து இதைக் கேட்கும் ஒரு குழந்தைக்குக் கொழுந்து கிள்ளிய கைகளின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.