புயலுக்குக் காரணம் யார்? விளையாட்டின் இறுதித் தேர்வும் ஆடுபவரின் நம்பிக்கையும்

காணொளி விளையாட்டின் இறுதித் தேர்வை ஆடுபவரின் அறநிலைக்கு அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. யாரைக் காப்பாற்றினார், யாரைக் கைவிட்டார் என்று பார்த்து, அவரைப் பயன்பாட்டுவாதி என்றோ கடமைவாதி என்றோ வகைப்படுத்திவிடுகிறோம். இது அவசர முடிவு. ஒருவரின் நம்பிக்கை அதிகம் வேலைசெய்வது பொத்தானை அழுத்தும் கணத்தில் அன்று. கதையில் எது, எதனால் நடந்தது என்று அவர் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும் இடத்தில். பாரிஸைச் சேர்ந்த டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி, 2015இல் ஐந்து பகுதிகளாக வெளியான ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ இதற்குத் தக்க சான்று.

கதை நடக்கும் ஆர்கேடியா பே அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் அமைந்ததாகப் புனையப்பட்ட சிற்றூர். பள்ளிக் கழிப்பறையில் தோழி குளோயி சுடப்படுவதைக் காணும் கதைநாயகி மேக்ஸ், காலத்தைப் பின்னோக்கித் திருப்பி அவளைக் காப்பாற்றுகிறாள். கடைசிப் பகுதியில் ஊரை விழுங்கப் புயல் வருகிறது. கலங்கரை விளக்கத்தருகே நிற்கும் குளோயி, அந்தக் கழிப்பறையில் மேக்ஸ் எடுத்த நீல வண்ணத்துப்பூச்சியின் படத்தை நீட்டுகிறாள். அதன்வழியே பழைய கணத்துக்குத் திரும்பிச் சும்மா இருந்துவிட்டால் குளோயி சாவாள், ஊர் பிழைக்கும். படத்தைக் கிழித்தெறிந்தால் ஊர் அழியும்.

1967இல் மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் முன்வைத்த டிராம் வண்டிப் புதிரின் மறுவடிவம் என இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் டிராம் புதிரில் எந்த விசையைத் திருப்பினால் யார் சாவார் என்பதில் ஐயமே இல்லை. இங்கே புயலுக்கும் மேக்ஸின் காலமாற்றத்துக்கும் உள்ள தொடர்பு பாத்திரங்களின் ஊகம் மட்டுமே. விளையாட்டு அதை விளக்கி நிறுவுவதில்லை. செய்த வினைக்கு உலகம் விலை கேட்கும் என்று நம்புபவருக்கு அந்த ஊகமே போதும், குளோயியின் சாவு தீர்க்க வேண்டிய கடனாகிவிடும். இயற்கை யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்று நினைப்பவருக்கோ கையில் இருப்பது ஒரு படமும் உத்தரவாதமில்லாத வாக்கும்தான். இருவரும் மதிப்பீட்டில் வேறுபடவில்லை. காரணகாரியம் பற்றிய நம்பிக்கையில் வேறுபடுகிறார்கள்.

குளோயியின் சம்மதம் இன்னும் சிக்கலானது. ஊரில் தன் தாய் ஜாய்ஸ் உட்படப் பலர் இருக்கிறார்கள், தன்னை விட்டுவிடு என்று அவளே கேட்கிறாள். ஒருவரின் விருப்பத்தை மதிப்பதே அறம் என்பவர் இந்த வேண்டுகோளுக்கு இணங்கலாம். அதே கொள்கையுடையவர், குற்றவுணர்வில் பிறந்த சொல் சுயவிருப்பமாகாது என்று மறுக்கவும் செய்யலாம். நான்காம் பகுதியில் வேறொரு காலக்கோட்டில், உடல் செயலிழந்த குளோயி தன் உயிரைப் போக்கிவிடச் சொல்லும் காட்சியும் உண்டு. அங்கே இணங்கியவர் இங்கே மறுத்தால் அதை முரண்பாடு என்று சொல்லிவிட முடியாது. நோயாளியின் வேண்டுகோளும் ஊருக்காகத் தன்னைப் பலியாக்கிக்கொள்பவளின் வேண்டுகோளும் ஒன்றா என்பதையும் ஆடுபவரின் நம்பிக்கையே தீர்மானிக்கிறது.

படைத்தவர்களின் சாய்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளோயியை இழக்கும் முடிவு நீண்டது; சுட்டவனின் கைதும் இறுதிச்சடங்கும் சவப்பெட்டியில் வந்தமரும் வண்ணத்துப்பூச்சியும் அதில் உண்டு. ஊர் அழியும் முடிவோ, சிதைந்த தெருவில் இருவரும் வண்டியோட்டிச் செல்வதோடு சட்டென்று தீர்ந்துவிடுகிறது. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்லப்படுவதில்லை. அந்த இடைவெளியை அவரவர் நம்பிக்கைக்கேற்ப நிரப்பிக்கொள்கிறார்கள்.

2012இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ இதே நிலையைப் பெரிய களத்தில் வைக்கிறது. எதிரிகளான ரீப்பர்களை அழிக்கும் வழி, ஆடுபவரின் கப்பலின் செயற்கை அறிவான ஈடியையும் கெத் என்னும் இயந்திர இனத்தையும் சேர்த்தே அழிக்கும் என்கிறது கேட்டலிஸ்ட். ஈடியை ஓர் ஆளாகக் கருதுபவருக்கு அது கொலை. கருவியாகக் கருதுபவருக்கு அது சேதாரம். எதிரிதரப்பின் குரலான கேட்டலிஸ்டையே நம்பாத ரசிகர்களுக்கோ அது காட்டும் மற்ற இரு வழிகளும் பொறி. அழிக்கும் வழியை எடுத்த மூவர் மூன்று வெவ்வேறு உலகங்களில் அதை எடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ காட்டும் விழுக்காட்டுப் பட்டியலில் இந்தக் காரணங்கள் எதுவும் பதிவாவதில்லை. எதைத் தேர்ந்தீர்கள் என்று இறுதியில் கேட்கும் வினாநிரலும் அதே பட்டியலைத்தான் திரும்பத் தரும். கேள்வியை முன்னதாக, நான்காம் பகுதி முடிந்ததும் வைக்க வேண்டும்: இந்தப் புயல் எதனால் வருகிறது என்று நினைக்கிறீர்கள்?